ஆபீசர் வெறும் வயிற்றோடு போகவில்லை

ஆபீசர் செத்த அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் வீட்டில் கொலைகாரி யார் என்று முடிவாகிவிட்டது. நான்தான். மறுநாள் அந்தப் பதவி டாக்டரம்மாவுக்குப் போனது. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நடிப்பு என்பீர்கள்.

ஆபீசர் எங்கள் நாய். அப்பா ஒரு பெரிய கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி. ஆயுசு முழுக்க ஆபீசர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, சல்யூட் அடித்து, பதிலுக்கு ஒரு தலையசைப்புகூட வாங்காத மனுஷன். கேட் ஓரம் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்த அன்றே பெயரையும் வைத்துவிட்டார். "என்னைப் பாத்து வாலாட்டற ஆபீசர் ஒருத்தனாவது இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும், "என்ன ஆபீசர், இன்னைக்கு மீட்டிங் எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்பார். ஆபீசர் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவான். அந்தக் கம்பெனியில் ஒருத்தரும் அவருக்குக் காட்டாத மரியாதை அது.

அந்த வயிற்றில்தான் கட்டி வந்தது. முதலில் கோலிக்குண்டு அளவு. பிறகு எலுமிச்சம்பழம். அதற்கும் பிறகு, அவன் நடக்கும்போது அது தனியாக நடந்தது.

"வயசானா எல்லாருக்கும் ஏதாவது தொங்கத்தான் செய்யும்" என்றார் அப்பா, தன் தொப்பையைத் தடவிக்கொண்டே.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். கத்தி பட்டா பரவும்" என்றாள் அம்மா. அம்மா துணி ஃபாக்டரியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். கத்தி பற்றி அவளுக்குத்தான் தெரியும் என்பது வீட்டில் பொதுவான அபிப்பிராயம்.

நான்தான் ஆபரேஷன், ஆபரேஷன் என்று குதித்தேன். வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. கரன்ட் ஆபீஸ் கடிதம் வந்தாலும் மருந்துச் சீட்டு வந்தாலும் என் மடியில்தான் வந்து விழும். இப்படிப் பழக்கிவிட்டால் ஒருத்திக்கு என்ன ஆகும்? தான் சொன்னதை வீடே கேட்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிடுவாள். கேட்கிறார்கள்தான். கேட்பது வேறு, செய்வது வேறு.

டாக்டரம்மா சின்ன வயசு. டயர் கடைக்கு மேலே மாடியில் ஆஸ்பத்திரி. முதலாளி வேறொருவர், இவள் அங்கே சம்பளத்துக்கு இருந்தாள். கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, எடுத்துவிடலாம், பெரிய விஷயமில்லை என்றாள். ஒன்றை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டோட சரி. காலையில ஒண்ணும் குடுக்கக் கூடாது. மயக்க மருந்து குடுக்கறப்ப வயித்துல ஏதாவது இருந்தா மேல வந்துடும். வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். புரியுதுங்களா?"

எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து டிவியை மறைத்துக்கொண்டு நின்று அப்படியே ஒப்பித்தேன். அப்பா தலையாட்டினார். அம்மா தலையாட்டினாள். ஏசி மெக்கானிக்கான என் அண்ணன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினான். எங்கள் வீட்டில் தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை. டிவியை விட்டு நகரு என்று அர்த்தம்.

அதைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அப்பா போட்டது. இந்த வாசலைத் தாண்டி ஓர் உயிரும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. அப்பா சின்ன வயசில் பரீட்சை ஹாலில் பசி மயக்கம் வந்து பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தவர். முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அத்தோடு படிப்பு முடிந்தது. அதனால் என் ஒவ்வொரு பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் காலையில் அவரே முட்டை அவித்து, உரித்து, எதிரே உட்கார்ந்து கடைசி வாய் உள்ளே போகும்வரை பார்ப்பார். நான் கேள்வித்தாளின் மேல் வாந்தி எடுக்காமல் டிகிரி வாங்கியதே பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு நாயைப் பட்டினி போடச் சொல்லிவிட்டு, அன்று காலை நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸில் லீவு கேட்டு டீம் லீடரோடு மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள். "காலையில ஒண்ணும் குடுக்கலையே?"

"இல்ல."

"வீட்ல வேற யாராவது? சும்மா ஒரு வாய், ரெண்டு வாய்?"

"எங்க வீட்ல நான் சொன்னா சொன்னதுதான் டாக்டர்."

இந்த வாக்கியத்தை யாராவது கல்லில் செதுக்கி என் தலைமாட்டில் வைக்கலாம்.

ஆபீசர் மேஜையின் மேல் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டினான். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஓடுகிற சத்தம், ஏதோ கீழே விழுகிற சத்தம், யாரோ யாரையோ பார்த்துக் கத்துகிற சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. டாக்டரம்மா வெளியே வந்தாள். முகமூடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டின் கை முழுக்க ஈரம்.

"வயிறு காலியா இல்ல" என்றாள். "முட்டை இருந்துச்சு. பால் இருந்துச்சு. பிஸ்கட் இன்னும் கரையக்கூட இல்ல. உறிஞ்சி எடுத்துப் பாத்தேன். முடியல."

நான் கையில் இருந்த ஆபீசரின் சங்கிலியைச் சுருட்டினேன்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன்" என்றாள்.

"கேட்டீங்க."

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரில் ஒரு நாயின் எலும்புக்கூட்டுப் படம் தொங்கியது. அதற்கு யாரோ பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். இருவரும் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் நான் சொன்னது இதுதான்: "மயக்க மருந்து தாங்கல."

சொன்னபோது மூன்று முகங்களிலும் ஏதோ ஒன்று வந்து மறைந்தது. துக்கம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், துக்கம் வருவதற்குச் சற்று முன்னால் வந்தது அது.

யார் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம், அதுவரை பொறுப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் புளுகு. வயிற்றில் சாப்பாடு இருந்தது என்று சொன்னால், டாக்டர் கேட்டப்ப நீ என்ன சொன்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் வாயை மூடினேன்.

வாயை மூடிய என்னை அவர்கள் சும்மா விடவில்லை. அம்மா பக்கத்து வீட்டம்மாவிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் குரலை உயர்த்தி: "நல்லா இருந்த நாயி. படிச்ச பொண்ணு கூட்டிட்டுப் போயி கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வந்துட்டா."

"ரொம்பப் படிச்சாலே இப்படித்தான் அக்கா" என்றாள் பக்கத்து வீட்டம்மா. அவள் பையன் எட்டாவதைத் தாண்டாமல் திணறிக்கொண்டிருந்தான். அந்த வருத்தம் அவளுக்கு அன்று தீர்ந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் பழக்கத்தில் "என்ன ஆபீ..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமுவார். அதற்குத் திட்டே தேவலாம்.

மறுநாள் அண்ணன் களத்தில் இறங்கினான். ஆபீசர் தலையைச் சாய்த்து நிற்கிற ஒரு படத்தைப் போட்டு, "பணத்தாசை பிடித்த டாக்டரின் அலட்சியத்துக்குப் பலியான எங்கள் செல்லம்" என்று எழுதி ஆஸ்பத்திரி பெயரோடு போட்டான். அரை நாளில் அது ஊரையே சுற்றியது. எங்கள் தெருமுனை எது என்றுகூடத் தெரியாதவர்கள் எல்லாம் அழுதார்கள். ஒருத்தர் அவள் கையை வெட்ட வேண்டும் என்றார். கண்ணீர் விட்ட கையோடு தன் மகளின் டான்ஸ் வீடியோவையும் கீழே ஒட்டிவிட்டுப் போனார் இன்னொருத்தர். அண்ணன் சாப்பிடும்போதும் லைக்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். துக்கத்தில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு பசி எடுத்து நான் பார்த்ததில்லை.

அன்றோடு வீட்டில் என் மேல் இருந்த பார்வை நகர்ந்தது. அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். "நீ என்னடி பண்ணுவ, அந்தக் கொலைகாரி உன்னை ஏமாத்திட்டா" என்றாள். நான் டீயைக் குடித்தேன். கூச்சமில்லாமல் குடித்தேன்.

ஆபீஸில் நிலைமை வேறு. நான் வேலை செய்வது இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில். "விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் அளித்ததால் நிராகரிக்கப்படுகிறது" என்று அடித்து அனுப்புவதுதான் முக்கால்வாசி வேலை. அடுத்த நாள் அந்த வரியை அடிக்கும்போது கை நின்றது. கண் நிரம்பியது. டீம் லீடர் பார்த்துவிட்டார்.

"இன்னுமா அந்த நாய்? வேற ஒண்ணு வாங்கிக்கோம்மா. நல்ல ஜாதி நாயா கிடைக்குது இப்பல்லாம்."

"உங்க மாமியார் தவறினப்ப நாங்க யாரும் அப்படிச் சொல்லலையே சார்" என்றேன்.

அதற்கப்புறம் என்னைத் தேற்ற யாரும் வரவில்லை. நிம்மதியாக அழுதேன்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "ஓனர் என்னைக் கொஞ்ச நாள் வர வேண்டாம்னு சொல்லிட்டார். ஃபோன்ல யார் யாரோ கூப்பிட்டுத் திட்டறாங்க. நீங்க வீட்ல சொல்லிட்டீங்களா?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கேள்விக்குறி போட்டிருந்தாள். அதற்கு என்ன பதில் அடிப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து, அடித்து, அழித்து, கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பழைய ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். ஊரில் எங்கே சண்டை நடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். தன் சொந்தச் சண்டைகளை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். வந்தவர் ஹால் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு அக்கா. நாலு வண்டி வருது. இவ முன்னாடி நின்னு சட்டம் பேசட்டும். பின்னாடி நாங்க பாத்துக்கறோம். ஒரு கண்ணாடியாவது ஒடஞ்சாத்தான் அந்தப் பொம்பளைக்கு பயம் வரும். என்ன அத்தான்?"

அப்பா மூலையில் இருந்த ஆபீசரின் தட்டைப் பார்த்தார். அதை இன்னும் யாரும் எடுத்துவைக்கவில்லை.

"என்ன மருமகளே, ரெடியா? நல்லா நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கணும்."

"கேக்கறேன் மாமா. ஆனா அந்தம்மா திருப்பி ஒரு கேள்வி கேட்டா?"

"அவ என்ன கேக்கப் போறா?"

"நாய் வயித்துல சாப்பாடு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணி கையில் நின்றது. அண்ணன் ஃபோனைக் குப்புற வைத்தான்.

"என்ன சாப்பாடு?" என்றார் மாமா.

"முட்டை. பால். பிஸ்கட்."

முதலில் எழுந்தது அப்பாதான். "பாலா? பிஸ்கட்டா? ஆபரேஷனுக்குப் போற வாயில்லா ஜீவனுக்கு எந்தக் கூறுகெட்டது பாலும் பிஸ்கட்டும் குடுத்தது?"

"அதானே!" என்றாள் அம்மா. "முட்டையும் பிஸ்கட்டும் குடுத்தா எப்படிச் செரிக்கும்? இந்த வீட்ல யாருக்காவது மூளை இருக்கா?"

"முட்டைக்கு மேல பாலா?" என்றான் அண்ணன். "மனுஷனுக்கே ஒத்துக்காதேம்மா அது!"

நான் பேசவில்லை. க்ளெய்ம் பிரிவில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை எதிராளியே பார்த்துக்கொள்வார்.

"அப்ப மூணையும் அந்த டாக்டரே குடுத்திருக்கா!" என்று மாமா தொடையில் தட்டினார். "கேஸ் இன்னும் ஸ்ட்ராங் ஆயிடுச்சு!"

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, நீங்க பால், பிஸ்கட்னு கத்தினீங்க. முட்டையைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

"நீ பாலைப் பத்திக் கேட்டியா?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

"சின்ன பாக்கெட்தான்" என்றான் அண்ணன்.

"பாக்கெட்டா!" என்றார்கள் இரண்டு பேரும்.

அதற்கப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. ஏலம் மாதிரி இருந்தது, கீழ்நோக்கிப் போகிற ஏலம். அப்பா பாதி முட்டைதான் என்றார். மஞ்சள்கரு செரிக்காது என்று எடுத்துவிட்டாராம். அம்மா அரை டம்ளர்தான், சூடு ஆற்றித்தான் கொடுத்தேன் என்றாள். அண்ணன் பாக்கெட்டில் பாதியைத் தானே தின்றுவிட்டதாகச் சத்தியம் செய்தான். அவன் தின்றிருப்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், நான் பாத்ரூமில் லீவுக்கு மன்றாடிய அந்தச் சிறு இடைவெளியில், வரிசையாக வந்து ஆபீசரை வழியனுப்பியிருக்கிறார்கள். அவனும் ஒவ்வொருத்தர் வந்தபோதும் இதற்கு முன்னால் ஒன்றுமே சாப்பிடாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாங்கித் தின்றிருக்கிறான். எங்கள் வீட்டுப் பிள்ளைதான் அவன்.

"நீ தெளிவாச் சொல்லியிருக்கணும்" என்று கடைசியில் என்னிடம் வந்து நின்றாள் அம்மா.

"டிவியை மறைச்சுக்கிட்டு நின்னு சொன்னேன்மா."

"சொன்ன. ஒரு வாய்தானேன்னு நெனச்சோம்."

"டாக்டர் என்கிட்ட ரெண்டு தடவ கேட்டாங்க. ரெண்டு தடவயும் ஒண்ணும் குடுக்கலன்னு அடிச்சுச் சொன்னேன். உங்ககிட்ட நான் ஒரு தடவகூடக் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கு ஆபரேஷனே நடந்திருக்காது."

அண்ணனுக்கு இப்போதுதான் உறைத்தது. "அப்ப உனக்கு முதல்லேருந்தே தெரியும்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நான் போஸ்ட் போடறத வேடிக்கை பாத்தியா?"

"நீ திட்டினது என்னையில்லயே. அதான் சும்மா இருந்தேன்."

குப்புற வைத்திருந்த ஃபோனை அவன் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவனும் அதே காரணத்துக்காகத்தான் போட்டிருந்தான்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆபீசரின் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டை முனையால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பெரிய ஹால்னு சொன்ன" என்றார் என்னைப் பார்க்காமல். "லைட்டெல்லாம் போட்டு, மேஜை மேல படுக்க வெப்பாங்கன்னு சொன்ன. அங்க போயி பசியில மயங்கிடுவானேன்னுதான்..."

மயங்க வைக்கத்தானே அப்பா கூட்டிட்டுப் போனோம் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அதை விழுங்கினேன். என்னைப் பரீட்சை ஹாலில் நிமிர்த்தி உட்காரவைத்த அதே முட்டை அது. அதை எப்படித் திட்டுவது? திட்டினால் என் டிகிரியையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். ஒரு வாரமாக ஊரெல்லாம் எங்களுக்காக அழுத பிறகு, அன்றைக்குத்தான் வீட்டில் நாங்கள் அழுதோம்.

மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்ப நாலு வண்டி சொல்லியிருக்கேனே அக்கா, அதுக்கு என்ன பதில் சொல்ல?"

"நாய் வயித்துல பால் ஊத்துனது உங்க அக்காதான்னு சொல்லு. அவ வீட்டுக் கண்ணாடிய வந்து ஒடைக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

மாமா போய்விட்டார். சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அண்ணன் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். சாப்பாடு கொடுத்தது நாங்கள்தான், மறைத்ததும் நாங்கள்தான், டாக்டர் மேல் தப்பில்லை என்று. அதே படம்தான், அதே சாய்ந்த தலை. ஆனால் அதற்கு யாரும் அழவில்லை. கையை வெட்டச் சொன்னவரைக் காணோம். பொய் ஊரைச் சுற்றிவிட்டு வந்த அதே ஃபோனில் உண்மை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

அதனால் நேரில்தான் போக வேண்டும் என்று முடிவானது. ஆஸ்பத்திரி முதலாளியின் முன்னால் நின்று, நான் சொன்ன பொய்யை என் வாயாலேயே சொல்ல வேண்டும். நான் மட்டும் போதும் என்றேன். மறுநாள் காலை பார்த்தால் மூன்று பேரும் கிளம்பி நின்றார்கள். அப்பா யூனிஃபார்ம் போட்டிருந்தார். அவரிடம் இருப்பதில் அதுதான் நல்ல சட்டை.

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கவனித்தேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. முட்டை அவித்த வாசனை இல்லை. அம்மா டீகூடப் போடவில்லை. யாரும் யாரையும் சாப்பிட்டுட்டுப் போ என்று சொல்லவில்லை. அப்பா படியில் ஒரு நிமிஷம் நின்றார். பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வையை இறக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். டாக்டரம்மாவுக்கு மெசேஜ் அடித்தேன்: "சொல்லிட்டேன். உங்க ஓனரப் பாக்கப் போயிக்கிட்டு இருக்கோம்."

அனுப்பி முடிக்கவும் அப்பாவின் வயிறு நன்றாகக் கத்தியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நாங்கள் யாரும் கேட்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. கொஞ்ச தூரம் போன பிறகு அம்மாவின் வயிறும் சேர்ந்துகொண்டது.